இடிந்த பாலத்து மடுவுக்கு ஏற்ற தூண்டில்

என் நாத்தனாரைப் பெண் பார்க்க நெமிலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் பிறந்ததும் அந்த ஊரில்தான். பெரிய ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி அவர் வீடு. தூண்டிலை எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தால் வெறுங்கையோடு எழுந்திருக்க மாட்டார் என்று பெயர் வாங்கியவர். ஊர் முறைக்கு நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

என் மாமனாரும் மாமியாரும் நான் கல்யாணமாகி ஆம்பூருக்கு வருவதற்கு முன்பே வாந்திபேதியில் போய்விட்டார்கள். அதனால் நாத்தனாருக்குத் தாய் இடத்தில் நான்தான் இருந்தேன். வயதில் அவளைவிட ஒன்றும் அதிகம் மூத்தவள் இல்லை. என் கணவருக்குத் தோல் கிடங்கில் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிறைந்த தொட்டிகளில் தோலைப் போடுவது, புரட்டுவது, இழுப்பது. நான் அதே கிடங்கில் பட்டை இடிக்கும் பெண்களோடு போய்க்கொண்டிருந்தேன். பெரிய சண்டை முடிந்து, கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓடி, தோலுக்கு நல்ல கிராக்கி இருந்த சமயம் அது.

அன்று பெண்ணைப் பிடித்துவிட்டது. தை மாதம் நல்ல நாளாகப் பார்த்து, எங்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டுக் கை நனைக்க வருவதாக முடிவாயிற்று. எல்லாரும் எழுந்து புறப்படுகிற நேரத்தில், அத்தை வெற்றிலையை மென்றபடி சிரித்துக்கொண்டே சொன்னார்:

“எல்லாம் சரி. கை நனைக்க வந்தா மீனு வேணும் எங்க பக்கத்து ஆளுங்களுக்கு. நாங்கதான் கூடையில கட்டிக்கினு வரணும் போல. ஆத்துல மணலு, ஊர்ல தோலு. வேற இன்னா இருக்குது உங்க ஆம்பூர்ல?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற என் நாத்தனாரின் முகத்தை நான் பார்த்தேன். அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. நான் பட்டை இடித்து, என் கை தோலெல்லாம் கறுத்து, என் ஊர் என்று ஆக்கிக்கொண்ட ஊரும் அது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கை நனைக்க வர்ற அன்னிக்கு எங்க ஆத்து மீன்தான் அத்த. நீங்க கூடையெல்லாம் தூக்கிக்கினு வராதீங்க.”

அவர்களை ஏற்றிக்கொண்டு ஜட்கா ஸ்டேஷன் பக்கம் திரும்பியதும் என் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார், எந்த ஆற்றிலிருந்து என்று. கேட்டதில் நியாயம் இருந்தது. பாலாறு எங்களுக்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்போம். மழைக்காலத்தில் வந்த வெள்ளமும் வந்த வேகத்திலேயே போய்விடும்.

நான் மனசில் வைத்திருந்தது இடிந்த பாலத்து மடுவை.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே, ஆற்றின் குறுக்கே மாட்டு வண்டிகளுக்காகக் கட்டியிருந்த பழைய பாலம் ஒன்று, நான் ஆம்பூருக்கு வருவதற்கு முந்தைய ஒரு பெருவெள்ளத்தில் விழுந்துவிட்டது. அப்போது மலையிலிருந்து பட்டை ஏற்றி வந்த வண்டிகள் அதன்மேல் இருந்தனவாம். வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டுத் தாங்களும் ஓடிப் பிழைத்தார்கள். வண்டிகள் பாலத்தோடு போய்விட்டன. விழுந்த தூண்களைச் சுற்றி வெள்ளம் சுழன்று சுழன்று மணலைத் தோண்டியதில், அந்த இடம் கோடையிலும் வற்றாத மடுவாகிவிட்டது. அடியில் கருங்கல் துண்டுகள், வளைந்த இரும்பு உத்தரங்கள், வண்டிச் சக்கரங்கள், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வலை போட்டவன் வலையைக் கிழித்துக்கொண்டு போனான். தூண்டில் போட்டவன் முள்ளை விட்டுவிட்டுப் போனான். யாரும் தொடாததால் உள்ளே மீன் கொழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் வாளையின் முதுகு மேலே வந்து திரும்பி அமிழ்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஏரித் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது. நீளமான மெல்லிய மூங்கில், நெட்டியில் செய்த தக்கை, சிறிய முள், மண்புழு. எங்கள் ஏரி அடியெல்லாம் சேறு. அங்கே தக்கை ஆடும், இழுப்போம், வரும். மடுவில் தக்கை தன் பாட்டுக்குச் சுழலில் நகர்ந்தது. முள் அடியைத் தொடுவதற்குள் ஏதோ ஓர் இரும்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், நூல் அறுந்தது. இன்னொரு முள்ளைக் கட்டினேன், அதுவும் போயிற்று.

அதைப் பார்த்துவிட்டு என் கணவர், நூல் மெலிசாக இருப்பதுதான் கோளாறு என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டு பாயையும் சேர்த்துக்கொண்டார். பாய் அதே கிடங்கில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவர்; என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். இருவரும் தோல் மூட்டை கட்டும் கயிறும், கறிக்கடையில் தொங்கும் கொக்கி மாதிரி ஒரு முள்ளும், பெரிய ஈயக்கட்டியுமாக வந்தார்கள். ஈயம் நேராகப் போய்க் கல் இடுக்கில் உட்கார்ந்துகொண்டது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு அறுகிற ஜாதி இல்லை. கடைசியில் பாய் கத்தியால் அதை வெட்டிவிட்டு, மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“பலம் கம்மியா போட்டாலும் பேஜாரு, ஜாஸ்தியா போட்டாலும் பேஜாரு. இன்னாதான் பண்றது தங்கச்சி?”

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பட்டை இடிக்கும்போதும் அதே யோசனைதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சேற்று ஏரி. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் எந்தத் தூண்டிலைக் கட்டினாலும் அது மடுவுக்குப் போடும் தீனிதான் என்று பட்டது.

வேலையில்லாத ஒரு பகலில் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டுத் தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. சாய்ந்து கிடந்த ஒரு தூண், மடுவுக்குள் பாதிவரை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஏறிக்கொண்டு, நீளக் கழி ஒன்றைத் தண்ணீரில் விட்டு அடியைக் குத்திக் குத்திப் பார்த்தோம். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாத்தனார் கழியின் மேல்முனையில் காதை வைத்துக்கொண்டாள். இரும்பில் பட்டால் கழி கிணுகிணுக்கிறது, கல்லில் பட்டால் டொக்கென்கிறது, மணலில் பட்டால் சத்தமே இல்லை என்றாள். நான் குத்திக்கொண்டே நகர, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டிச் சக்கரங்கள் மரம் என்பதால் அவற்றின் சத்தம் வேறு. வெயில் சாய்வதற்குள் அந்த மடுவின் அடி எங்களுக்கு வீட்டு அறை மாதிரி பழகிவிட்டது. சாய்ந்த தூணுக்கும் ஓர் இரும்பு உத்தரத்துக்கும் நடுவில் மணல் திட்டு ஒன்று ஒடுக்கமாக இருந்தது. அதன் மறுகோடியில் சக்கரங்கள். பெரிய மீன் சக்கரத்துக்கு அடியில் இருந்துகொண்டு, இரைக்கு மணல் திட்டுக்கு வரும் என்று நான் கணக்குப் போட்டேன்.

“அப்ப அங்கதான் எறக்கணும் அண்ணி,” என்றாள் அவள், ஏதோ நாங்கள் அப்போதே பிடித்துவிட்டது போல.

கயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். கல்லில் உராய்ந்தாலும் தேயாத கயிறு வேண்டும். ஆனால் தடிமனாக இருந்தால் மீன் ஒதுங்கிவிடும். பாய், பஞ்சு கொட்டுகிறவர்களின் வில்லில் கட்டும் ஆட்டு நரம்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இழுத்தால் ரீங்காரமிட்டது. ஆனால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறியதும் உப்பி வழவழவென்று ஆகி முடிச்சு நழுவிப்போயிற்று. பிறகு குடியாத்தத்திலிருந்து நெசவு நூல் வாங்கி, தெருவில் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, நாத்தனாரும் நானும் மூன்று புரியாக முறுக்கினோம். அது வெள்ளையாக, பார்க்க அழகாக இருந்தது. அம்மிக்கல் ஓரத்தில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது.

அப்போதுதான் அது தோன்றியது. ஆவாரம்பட்டைத் தண்ணீர் பச்சைத் தோலை அழுகாமல், கிழியாமல் வைக்கிறதே, நூலை மட்டும் விட்டுவிடுமா? என் கணவர் கிடங்கு மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி சிரித்தாராம், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தோலுக்குச் செய்கிற மாதிரியே செய்தோம். முதலில் சத்துப் போன பழைய தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு நடுத்தரத் தண்ணீரில் போட்டு, கடைசியில் நான் இடித்த புதுப் பட்டையின் தண்ணீரில் போட்டு எடுத்தோம். நிழலில் கல் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தோம். நூல் பழுப்பாகி, விறைப்பாக, கைக்கு ஒரு மாதிரி கெட்டியாக வந்தது. மறுபடி அம்மி ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். என் கை வலித்ததுதான் மிச்சம், நூல் பிரியவில்லை. இரவு சாப்பிடும்போது என் கணவர் அந்தக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முள்ளுக்கு, தோல் மூட்டை தைக்கும் கோணி ஊசி. அதன் காதிலேயே கம்பி கோத்துக் கட்டலாம் என்பது வசதி. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிக்கும் கொல்லரிடம் கொண்டுபோய்க் காய்ச்சி வளைக்கச் சொன்னேன். முதலில் வளைத்தது சுளுவாக நிமிர்ந்தது. அடுத்தது விறைத்துப் போய்ப் படக்கென்று ஒடிந்தது. அதற்கடுத்ததை அவர் நீரில் அமிழ்த்தியபின் சூடான சாம்பலில் கொஞ்ச நேரம் புதைத்து வைத்தார். அது சரியாக வந்தது. நுனியை வெளியே விரித்துக் காட்டாமல் உள்பக்கம் பார்த்தபடி வளைக்கச் சொன்னேன். கல்லையும் இரும்பையும் தொட்டுக்கொண்டு போகிற முள், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எதையாவது கொத்திக்கொள்ளும். உள்ளே பார்த்திருந்தால் நழுவி வந்துவிடும். அப்படியானால் மீன் வாயிலிருந்தும் நழுவாதா என்று கொல்லர் கேட்டார். வாளை அவசரக்காரன், விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடும், அந்தத் திருப்பத்தில் கடைவாயில் மாட்டும் என்றேன். நிச்சயம் தெரிந்து சொன்னதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வாளையின் பல் அரம் மாதிரி இருக்கும் என்பதால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளைக் கம்பி வைத்துக்கொண்டேன்.

அடியில் இறங்க எடை வேண்டும். ஈயம் இடுக்கைத் தேடிப் போய் உட்காருகிறது. உருண்டைக் கல்லும் அப்படித்தான். கிடங்கில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் துண்டுகளைக் கொண்டுவந்து, கத்திரிக்காய் அளவுக்குச் சிறு பைகள் தைத்து, ஆற்று மணலை நிரப்பினேன். தையலை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். வீட்டு வாசல் கல்லில் போட்டு இழுத்துப் பார்த்தால் எங்கேயும் இடறாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பையைக் கயிற்றின் அடிமுனையில், முறுக்காத ஒற்றை இழை நூலால் கட்டினேன். முள் அதற்கு ஒரு முழம் மேலே, கல்லைத் தொடாத உயரத்தில்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு உறுதியான கயிறு செய்துவிட்டு, கடைசியில் ஊதினால் அறுகிற நூலா என்றார்.

“அது அறுந்து போறதுக்குன்னே கட்டினதுங்க,” என்றேன். “மாட்டினா பைதான் மாட்டும். இழுத்தா அந்த நூலு போவும், பை போவும். மணலும் துண்டுத் தோலும்தானே. முள்ளும் கயிறும் நம்ம கைக்கு வந்துடும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவர் பாயின் வீட்டுக்குப் போய், அதே விஷயத்தைத் தானே கண்டுபிடித்தது போல விளக்கிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் சிரித்துக்கொண்டே படுத்தேன்.

மார்கழியில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தோம். தக்கையை விட்டுவிட்டேன். தூணின்மேல் நின்று கயிற்றை நேராக மணல் திட்டில் இறக்கி, பை அடியைத் தொட்டதும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். மீன் தொடுவது விரலுக்குத் தெரியும். கோழிக்குடல்தான் இரை. பைகள் மாட்டின. சொன்னபடியே நூல் அறுந்து பை போய், முள் திரும்பி வந்தது. முதல் தடவை வெறும் முள் தண்ணீரிலிருந்து வெளியே வந்து வெயிலில் மின்னியபோது, மீனே வந்தது போல நாத்தனார் கைகொட்டினாள். பிறகு கெளுத்தி வந்தது, இன்னும் சில கெளுத்தி வந்தன. அந்த மடுவிலிருந்து தூண்டிலில் மீன் எடுத்தவர் எங்கள் தெருவில் அதுவரை யாரும் இல்லை. பாய் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

தை பிறந்து, விருந்துக்கு நாள் நெருங்கியபோது பெரிய மீன் ஒன்று இரையைப் பிடித்தது. என் கையில் இருந்தது அந்தப் பழைய நீள மூங்கில்தான். அதை மட்டும் மாற்ற எனக்கு மனசு வரவில்லை. மூங்கில் அழகாக வில் மாதிரி வளைந்தது. வளைந்து முடிப்பதற்குள் மீன் சக்கரத்துக்குள் நுழைந்துவிட்டது. ஏரியில் மீனை ஓடவிட்டுக் களைக்க வைப்போம். இங்கே ஓடவிட்டால் அது தன் வீட்டுக்குப் போய்விடும். நான் இழுக்க, அது உள்ளே இழுக்க, மூங்கில் நடுவில் பிளந்தது. கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தேன். மீன் கழன்று போயிருந்தது. முள் நல்ல வேளையாகத் திரும்பி வந்தது.

அன்று இரவு, கறி எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்குத் தேவை வளையாத கழி, அவ்வளவுதான் என்றேன். மறுநாள் அவர் கிடங்கிலிருந்து வரும்போது, தொட்டியில் தோலைப் புரட்டும் கழியில் ஓரம் சிதைந்து ஒதுக்கிப்போட்ட ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஜவ்வாது மலைக் கெட்டி மூங்கில், உள்ளே துளையே இல்லாதது. என் உயரத்துக்குச் சற்று அதிகமாக வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டோம்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பிற்பகல், நான், நாத்தனார், என் கணவர் மூவரும் போனோம். பாயும் பின்னாலேயே வந்து கரையில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் ஒன்றும் தொடவில்லை. வெயில் தூணின் பக்கவாட்டில் இறங்கிவிட்டது. பிறகு, யாரோ கயிற்றின்மேல் கையை வைத்தது போல ஒரு பாரம். அது நகர ஆரம்பித்ததும் நான் நினைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நொடி விட்டாலும் சக்கரம். கழியை வயிற்றில் ஊன்றிக்கொண்டு நேரே மேலே தூக்கினேன். கழி வளையவில்லை. பை ஏதோ கல்லில் மாட்டியிருந்தது போலிருக்கிறது. ஒற்றை நூல் அறுந்த மெல்லிய அதிர்ச்சி கையில் தெரிந்தது, அதன்பின் பாரம் முழுக்க மீன்தான். நாத்தனார் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகப் பின்னால் சாய்ந்தோம். அது ஒரு முறை தலையை உதறியது. தூண் ஓரத்தில் கயிறு கரகரவென்று உராய்ந்தது. பட்டைத் தண்ணீர் குடித்த கயிறு, தாங்கியது.

அடியை விட்டு அது மேலே வந்ததும் பாதி பலம் போய்விட்டது. அகன்ற வாயும் வெள்ளி வயிறுமாகத் தண்ணீரில் புரண்டபோது, என் கணவர் தொட்டியிலிருந்து தோலை இழுக்கும் நீளக் கொக்கியை அதன் செவுளில் மாட்டி, ஈரத்தோலை இழுக்கிற அதே இழுப்பில் தூணின்மேல் ஏற்றிவிட்டார். முள் கடைவாயில் மாட்டியிருந்தது, நான் கொல்லரிடம் சொன்ன அதே இடத்தில்.

பாய் எழுந்து வந்து மீனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரம் பிரிக்கிற வழக்கத்தில் அதன் முதுகைத் தடவி, “முதல் தரம்,” என்றார்.

அந்தக் கெட்டி மூங்கிலிலேயே மீனைத் தொங்கவிட்டு, முன்னால் என் கணவரும் பின்னால் நானுமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். வால் மணலில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. கிடங்கு விடுகிற நேரம். தெருவில் நின்றவர்கள் என் கணவரிடம் எங்கே பிடித்தாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் நின்று, நான் கொக்கி மாட்டினதோடு சரி, பிடித்தது பின்னால் வருகிறாளே அவள் என்று சொன்னார். வழியெல்லாம் நின்று நின்று வந்ததில் எனக்குத் தோள் இற்றுவிட்டது. கழியை மட்டும் கீழே வைக்க மனசு வரவில்லை.

அன்றே குழம்பு வைத்துவிட்டேன். வாளைக் குழம்பு ஒரு ராத்திரி ஊறினால்தான் புளி துண்டுக்குள் இறங்கும். பாதியை மஞ்சளும் உப்பும் தடவி, மறுநாள் வறுப்பதற்கு வைத்தேன்.

மறுநாள் அவர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அத்தை கூடை கொண்டுவரவில்லை. இலை போட்டேன். முதல் துண்டை வாயில் வைத்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் முறை சோறு போடும்போது, தலை இருக்கிறதா என்று கேட்டார். நான் பிறந்த ஊரில் தலையைக் கேட்டு வாங்குவது லேசான விஷயமில்லை, சமைத்தவளுக்கு அது பெரிய மரியாதை. தலையைக் கொண்டுவந்து அவர் இலையில் வைத்தேன். அதன் அகலத்தைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் தங்கள் இலையிலிருந்து எட்டிக் குனிந்தார்கள்.

“இது ஏரி வாளை இல்ல,” என்றார் அத்தை. “சேத்து வாசன துளி இல்ல. எங்க புடிச்சாங்க?”

“இடிஞ்ச பாலத்து மடுவுல. எங்க அண்ணிதான் புடிச்சாங்க,” என்று பதில் சொன்னது நாத்தனார். கல்யாணப் பெண் சபையில் பேசக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அந்த நேரம் மறந்துபோய்விட்டது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அத்தை தூண்டிலைக் காட்டச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். கயிற்றை நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். முள்ளின் நுனியைக் கட்டைவிரலில் வைத்து அழுத்தினார். தோல் பையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஒற்றை நூலை அவர் இழுத்த இழுப்பில் அது அறுந்து பை கீழே விழுந்தது. யோசித்துவிட்டு, தானாகவே புரிந்துகொண்டு தலையாட்டினார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தலையாட்டலை வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட பூரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை.

உடனே மடுவைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு தூணின்மேல் ஏறினார். தூண்டிலை இறக்கினார். முதலில் ஏரிப் பழக்கத்தில் பக்கவாட்டில் வெட்டி இழுத்தார், பை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பக்கவாட்டில் வேண்டாம், நேரே மேலே தூக்குங்கள் அத்தை என்றேன். அவருக்குத் தூண்டில் பிடிக்க நான் சொல்லிக் கொடுக்கும் காலம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மூன்றாவதில் ஒரு கெளுத்தி வந்தது. அதைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தார். வருகிற வழியில் என்னிடம் சொன்னார்:

“நாங்க சேத்துல பொறந்து சேத்துலயே புடிச்சவங்க. கல்லுல புடிக்க எனக்கு வராது. நீ இங்க வந்து கத்துக்கினியே, அது பெருசு.”

மாசியில் கல்யாணம் நடந்தது. நாத்தனாரைக் கொண்டுபோய் விடும்போது, புடவை, பாத்திரங்களோடு பழுப்புக் கயிறு ஒரு பந்தும் அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் எங்கள் வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிடங்கு ஆட்கள், ஸ்டேஷன் போர்ட்டர்கள், ஒரு தடவை பள்ளிகொண்டாவிலிருந்துகூட ஒருவர். கயிற்றை எந்தத் தண்ணீரில் முதலில் போடுவது, பைக்கு எந்தத் தோல், கழி எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். எதையும் நான் ஒளித்துவைக்கவில்லை. ஆட்டுத்தோல்தான் நல்லது, மாட்டுத்தோல் விறைத்துக்கொண்டு இடுக்கில் நிற்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்புவேன். அடுத்த தையில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் அந்த மடுவிலேயே என்னுடையதைவிடப் பெரிய வாளையை எடுத்தார். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து என் கணவர் அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அந்த மீனைப் பார்க்கப் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அந்த மனிதர் என்னைப் பார்த்ததும், சுற்றி நின்றவர்களிடம், இந்த அம்மா கட்டச் சொன்ன தூண்டில் என்றார். ஆமாம் என்றேன். சும்மா அடக்கமாகப் பேசிவிட்டு வரவில்லை. முள் எங்கே மாட்டியிருக்கிறது என்று மீனின் வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.